எட்டாத எண்கள்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் நான்கு நிரை, நான்கு நிரல் கொண்ட ஒரு சின்ன அட்டவணையைப் போட்டிருந்தேன். கணிதக்காரர்கள் இதுவரை துணிந்து எழுதிய மிகப் பெரிய முடிவிலிகளில் ஒன்று அதன் பின்னால் நிற்கிறது என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதக் கடிதங்கள் முக்கால்வாசியும். 34 வருடம் கல்லூரியில் கணம் (செட்) கற்பித்தவள் நான். இத்தனை பேர் இதைக் கேட்டு எழுதியதில் எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அம்மா, முடிவிலியில் பெரியது சிறியது உண்டு என்று கான்டர் நிரூபித்ததைப் படித்திருக்கிறேன். முடிவிலிகளே முடிவில்லாமல் மேலே போகும்போது, அவற்றில் சிலவற்றை மட்டும் ‘லார்ஜ் கார்டினல்’ என்று தனியாகப் பெரியது என்பது ஏன்?
— இயற்பியல் மாணவி, திண்டுக்கல்

கல்யாணப் பந்தியில் யாரும் தலை எண்ணுவதில்லை. ஓர் இலைக்கு ஓர் ஆள் உட்கார்ந்து, இலையும் மீதமில்லை, ஆளும் நிற்கவில்லை என்றால் இரண்டும் சமம். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் பேராசிரியராக இருந்த கியோர்க் கான்டர் இந்தப் பந்திக் கணக்கையே முடிவிலிக்கும் வைத்துப் பார்த்தார். இயல் எண்களை இலைகளாகப் போட்டால் மெய்யெண்கள் எல்லாம் உட்கார இடம் போதாது என்று 1873 டிசம்பரில் கண்டுகொண்டார். 1891-இல் இன்னும் அழகான நிரூபணம் ஒன்று தந்தார்: எந்தக் கணத்தை எடுத்தாலும் அதன் உட்கணங்களின் கூட்டம் அந்தக் கணத்தைவிடப் பெரியது. ஆகவே எந்த முடிவிலிக்கும் மேலே ஒரு முடிவிலி உண்டு.

இப்படி உட்கணம் எடுத்து எடுத்து ஏறுவதால் மட்டும் ஒரு முடிவிலி இந்தப் பெயருக்குத் தகுதி பெறுவதில்லை. கீழே இருக்கும் எதை வைத்து எப்படி ஏறினாலும் தொட முடியாத இடத்தில் அது இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள உங்களுக்குப் பழக்கமான உதாரணமே இருக்கிறது. 2, 100, ஒரு கோடி என்று முடிவுள்ள எண்களை எடுங்கள். கூட்டுங்கள், பெருக்குங்கள், 2-இன் அடுக்காக ஏற்றுங்கள். வருவது மறுபடியும் முடிவுள்ள எண்தான். முடிவுள்ள எண்களை முடிவுள்ள தடவைகள் சேர்த்தாலும் அதே கதை. இயல் எண்கள் எல்லாம் சேர்ந்த அளவு இருக்கிறதே, அலெஃப்-பூஜ்யம், அதைக் கீழிருந்து யாராலும் எட்ட முடியாது. அப்படியானால் அது எப்படி வந்தது? ‘முடிவிலாக் கணம் ஒன்று இருக்கிறது’ என்று அடிகோளாக எழுதி ஏற்றுக்கொண்டோம். 1908-இல் செர்மெலோ கணக் கோட்பாட்டுக்கு எழுதிய அடிகோள்களில் அதுவும் ஒன்று.

அதே நிலைமை இன்னொரு முறை, மிக மிக மேலே, வருவதாக நினைத்துப் பாருங்கள். எண்ணிடக்கூடிய முடிவிலியை, அதாவது அலெஃப்-பூஜ்யத்தை, தாண்டிய ஓர் ஆதி எண் (கார்டினல், ஒரு கணத்தின் அளவைச் சொல்லும் எண்). அதற்குக் கீழே உள்ள எதன் உட்கணங்களை எடுத்தாலும் அதற்குக் கீழேயே நிற்கும். கீழே உள்ள சிறியவற்றைக் குறைந்த எண்ணிக்கையில் சேர்த்தாலும் அதை எட்டாது. இதுதான் ‘எட்டாத’ ஆதி எண். லார்ஜ் கார்டினல்களை ஓர் ஏணியின் படிகளாக அடுக்கினால் அடிப்படி இது. 1908-இல் ஹவுஸ்டோர்ஃப் இதன் முதல் வடிவத்தைத் தொட்டார். இன்றைய வடிவம் 1930-இல் சியர்பின்ஸ்கி, டார்ஸ்கி, செர்மெலோ கைகளில் வந்தது. அதே 1930-இல், அன்று போலந்தில் இருந்த லிவூஃப் நகரத்தில், ஸ்டானிஸ்வாஃப் உலாம் என்ற இளைஞர் ‘அளவிடத்தக்க’ எண் என்ற இன்னொரு லார்ஜ் கார்டினலுக்கு வழி திறந்தார். அப்படி ஒன்று இருந்தால், அதற்குக் கீழே இருக்கும் எட்டாத எண்களின் எண்ணிக்கையே அந்த எண்ணளவு ஆகிவிடும் என்று 1960 வாக்கில்தான் டார்ஸ்கியும் அவருடைய மாணவர் ஹான்ஃபும் காட்டிய வழியில் தெரிந்தது. முப்பது வருடம் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தது. நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

நீங்கள் ‘கணம்’ என்று எழுதுவதை நாங்கள் இங்கே ‘தொடை’ என்றுதான் படிப்பிக்கிறோம். எது சரி? ‘கார்டினலுக்கு’ என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்?
— கணித ஆசிரியர், வவுனியா

இரண்டும் சரி. தொடுத்து வைத்தது தொடை. பூவுக்கும் வரும், மோனைத் தொடை எதுகைத் தொடை என்று செய்யுளுக்கும் வரும். கூட்டம் என்ற பொருளில் கணம். எனக்கு உங்கள் சொல் அதிகம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொழுது என்ற பொருளும் இருப்பதால் ‘கணம்’ சில வாக்கியங்களில் தடுக்கும், தொடை தடுக்காது. ஆனால் இங்கே பாடநூல் பழக்கம் கணம் என்பதால் அதையே எழுதுகிறேன். கார்டினலுக்கு எங்கள் பாடநூல்களில் ஆதி எண்; செவ்வெண் என்றும் பழைய நூல்களில் பார்த்திருக்கிறேன். லார்ஜ் கார்டினல்களை நான் வகுப்பில் பேராதி எண்கள் என்று சொல்லிவந்தேன். இந்தப் பதில்களிலும் அப்படியே.

இருக்கிறது என்று நிரூபிக்கவே முடியாத ஒன்றைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார்கள் என்றால், அதற்கும் நம்பிக்கைக்கும் என்ன வித்தியாசம்? பொறியியல்காரன் என்ற முறையில் கேட்கிறேன்; குறை சொல்லவில்லை.
— ஓய்வுபெற்ற மின்பொறியாளர், சேலம்

குறையாக எடுத்துக்கொள்ளவில்லை ஐயா. இதைக் கேட்காமல் இந்தத் துறைக்குள் போகக் கூடாது.

நிரூபிக்க முடியாது என்பது உண்மை, அதற்குக் காரணமும் தெரியும். இன்றைய கணிதம் முழுவதும் நிற்கும் அடித்தளத்தை இசட்.எஃப்.சி. என்பார்கள்: செர்மெலோ, ஃப்ரேங்கல் அடிகோள்கள், கூடவே தேர்வு அடிகோள் (வெறுமையில்லாத கணங்கள் எத்தனை இருந்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது). எட்டாத எண் ஒன்று இருந்தால், அதற்குக் கீழே உள்ள கணங்களை மட்டும் ஒரு வேலி போட்டு எடுத்துக்கொள்ளலாம். அந்த வேலிக்குள் இசட்.எஃப்.சி.யின் எல்லா அடிகோள்களும் நிறைவேறும். அப்படி ஓர் உலகம் கையில் இருந்தால் அந்த அடிகோள்களில் முரண்பாடு இல்லை என்று ஆகிறது. ஆனால் எண்கணிதத்தைச் செய்யும் வலிமையுள்ள முரணற்ற அடிகோள் தொகுதி எதுவும் தான் முரணற்றது என்பதைத் தானே நிரூபிக்க முடியாது என்று 1931-இல் கேடல் காட்டிவிட்டார். ஆகவே இசட்.எஃப்.சி. முரணற்றது என்றால், எட்டாத எண் இருப்பதை அது நிரூபிக்கவே நிரூபிக்காது. எவ்வளவு கெட்டிக்காரர் வந்தாலும் மாறாது.

வித்தியாசம் எங்கே என்றால், இந்த அடிகோள்கள் தோற்கக் கூடியவை. ஒன்று தோற்றும் இருக்கிறது. 1960-களின் இறுதியில் கலிபோர்னியாவில் பெர்க்லியில் ரெயின்ஹார்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் ஓர் எண்ணை முன்வைத்தார். கணங்களின் உலகம் முழுவதையும் அதற்குள்ளேயே நகலெடுக்கும் ஒரு வழி இருக்க வேண்டும். நகலில் எந்த வாக்கியத்தின் உண்மையும் மாறக் கூடாது. ஆனால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்துவிடவும் கூடாது. நகலெடுப்பில் முதலில் இடம் பெயரும் எண்தான் அவர் கேட்ட எண். அதுவரை வந்த யோசனைகள் எல்லாம் இந்தத் திசையில்தான் வளர்ந்திருந்தன, இது அதன் உச்சி. 1971-இல் கென்னத் கூனன், தேர்வு அடிகோளோடு சேர்த்தால் அது முரண்பாட்டில் முடிகிறது என்று நிரூபித்தார். அத்துடன் அந்தப் படி ஏணியிலிருந்து போனது. அதற்கு ஒரு விரற்கடை கீழே உள்ள படிகள் அரை நூற்றாண்டாக அசையாமல் நிற்கின்றன. யாரும் அவற்றைப் பொத்தி வைக்கவில்லை. உடைத்துப் பார்க்கத் தீவிரமாக முயன்றவர்களும் உண்டு.

உடையாமல் இருப்பது மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்பீர்கள். போதாது. என்னை மாற்றியது வேறு ஒரு சரித்திரம். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1905-இல் பிரெஞ்சுக் கணிதக்காரர் லெபேக் ஒரு கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினார். தளத்தில் இடைவெளிகளைக் கொண்டு படிப்படியாகக் கட்டிய ஒரு போரெல் கணத்தின் நிழல் கோட்டின் மேல் விழுந்தால், அந்த நிழலும் போரெல் கணமே என்பது அந்த வரி. மாஸ்கோவில் லூசினிடம் படித்துக்கொண்டிருந்த மிகயீல் சுஸ்லின் அந்த வரி தவறு என்று கண்டுபிடித்து 1917-இல் வெளியிட்டார். இரண்டு வருடம் கழித்து டைஃபஸ் காய்ச்சலில் இறந்துபோனார், வயது 24. நிழல்கள் புது வகைக் கணங்கள் என்று தெரிந்ததும் லூசினின் மாணவர் கூட்டம் அவற்றை ஆராய ஆரம்பித்தது. நிழலுக்கு நீளம் உண்டா? உண்டு, நிரூபித்தார்கள். நிழலுக்கு வெளியே மிஞ்சுவதை எடுத்து அதன் நிழலைப் பார்த்தால் அதற்கு நீளம் உண்டா? அங்கே நின்றுவிட்டார்கள். இது நமக்குத் தெரியாது, என்றைக்கும் தெரியப் போவதில்லை என்று 1925-இல் லூசின் எழுதினார்.

இசட்.எஃப்.சி.யை மட்டும் வைத்துக்கொண்டால் அவர் சொன்னது சரி. கேடல் 1938-இல் கட்டிய குறுகிய கண உலகத்தில் அந்த இரண்டாம் நிழலிலேயே நீளம் சொல்ல முடியாத ஒன்று வந்துவிடுகிறது. ஆனால் அளவிடத்தக்க எண் ஒன்று இருந்தால் இரண்டாம் நிழலுக்கு நீளம் உண்டு என்று 1960-களில் சாலவே காட்டினார். மூன்றாவது, நான்காவது, நூறாவது நிழல்? 1985-இல் டொனால்ட் மார்ட்டினும் ஜான் ஸ்டீலும் பதில் கொண்டு வந்தார்கள். ஹ்யூ வுடின் என்ற கணிதக்காரரின் பெயர் கொண்ட வுடின் எண்கள் என்ற பேராதி எண்கள் முடிவில்லாமல் பல இருந்தால், எத்தனை முறை நிழல் எடுத்தாலும் நீளம் உண்டு. நடுவே ஒரு விளையாட்டு இருக்கிறது. இரண்டு பேர் மாறி மாறி ஓர் இலக்கம் சொல்கிறார்கள். முடிவில்லாமல் போகும் அந்த இலக்க வரிசை குறித்த கணத்தில் விழுந்தால் முதல் ஆள் வென்றார், இல்லையேல் இரண்டாம் ஆள். இருவரில் ஒருவருக்கு நிச்சயமான வெற்றி வழி உண்டு என்பதை அவர்கள் நிரூபித்தார்கள், நீளம் அதிலிருந்து விழுந்தது. மறுபக்கமிருந்து, அந்த வெற்றி வழிகளை எடுத்துக்கொண்டால் கணங்களின் உள் உலகங்களில் வுடின் எண்கள் திரும்பக் கிடைக்கின்றன. மலையின் இரு பக்கத்திலிருந்தும் சுரங்கம் வெட்டியவர்கள் நடுவில் சந்தித்த மாதிரி.

கோட்டின் மேல் கிடக்கும் ஒரு நிழலுக்கு நீளம் உண்டா என்ற சாதாரணக் கேள்விக்கு, கண்ணுக்கெட்டாத உயரத்தில் இருந்து ஒரே சீரான பதில் வந்திருக்கிறது. நீங்கள் ஒரு கருவியை எப்படி நம்புகிறீர்கள்? வேறு வழியில் அளந்ததோடு ஒத்துப்போகிறது என்பதால்தானே? என் நம்பிக்கையும் அந்த வகைதான்.

கான்டர் முடிவிலியைப் பற்றி யோசித்து யோசித்தே மனநிலை தவறினார் என்று யூடியூபில் சொல்கிறார்கள். உண்மையா?
— வாசகி, கோவில்பட்டி

இல்லை. அவருக்கு 1884-இலிருந்து மனச்சோர்வு நோய் விட்டு விட்டு வந்தது. அது ஒரு நோய். சர்க்கரை மாதிரி, ஆஸ்துமா மாதிரி. முதல் முறை வந்து ஏழு வருடம் கழித்துத்தான் மேலே நான் சொன்ன 1891 நிரூபணத்தைத் தந்தார். 1899-இல் கடைசி மகன் ருடால்ஃப் 13 வயது நிறைவதற்கு முன் இறந்துபோனான். 1918 ஜனவரி 6-ஆம் தேதி, போர்க்காலப் பஞ்சத்துக்கு நடுவே, ஹாலே மருத்துவமனையில் கான்டர் காலமானார். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கணிதம் அவரைப் பைத்தியமாக்கியது என்று கதை சொல்வது அவருக்கும் அநியாயம், அந்த நோயோடு வாழ்கிற எல்லோருக்கும் அநியாயம். என் மாணவிகளில் இருவர் அந்த நோயோடு முதுகலை முடித்தார்கள்.

கன்டினியம் ஹைப்பாத்தஸிஸ் தீர்ந்துவிட்டதா, இல்லையா? ஒரு நூலில் ‘தீர்க்க முடியாது என்று நிரூபித்தாயிற்று’ என்றும், இன்னொன்றில் ‘இன்னும் ஆராய்கிறார்கள்’ என்றும் இருக்கிறது.
— முதுகலைக் கணித மாணவர், ஈரோடு

கேள்வி என்ன என்று மற்ற வாசகர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். இயல் எண்களின் அளவுக்கும் மெய்யெண்களின் அளவுக்கும் நடுவே வேறோர் அளவு உண்டா? இல்லை என்பது கான்டர் 1878-இல் சொன்ன யூகம். 1900-இல் பாரிஸில் ஹில்பர்ட் போட்ட கணக்குப் பட்டியலில் முதல் கணக்கு இதுதான். யூகம் பொய் என்று இசட்.எஃப்.சி.யால் நிரூபிக்க முடியாது என்று 1938-இல் கேடலும், மெய் என்று நிரூபிக்க முடியாது என்று 1963-இல் பால் கோஹனும் காட்டினார்கள்.

1983-இல் நான் வகுப்பில் இதை முடித்து, ‘ஆகவே பதில் கிடையாது’ என்று பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “அடிகோள் போதவில்லைன்னுதானே மேடம் அர்த்தம்? இன்னொன்னு சேர்த்தா?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. கும்பகோணத்தில் அப்போது எனக்குக் கிடைத்த புத்தகங்களிலும் இல்லை. கோடை விடுமுறையில் சென்னை போய், தரமணியில் கணித அறிவியல் நிறுவன நூலகத்தில் உட்கார்ந்து பழைய ஆய்விதழ்களைப் புரட்டினேன். பேராதி எண்கள் என் வாழ்க்கையில் வந்தது அப்படித்தான். அந்தப் பெண் கேட்டதையே கேடல் 1947-இல் எழுதியிருந்தார்: அடிகோள்கள் முழுமையாக இல்லை, முடிவிலி பற்றிய வலுவான புது அடிகோள்களைத் தேட வேண்டும் என்று. படித்தபோது நேரே குடந்தைக்கு ஓடிப்போய் அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அதே நூலகத்தில் ஏமாற்றமும் காத்திருந்தது. கோஹனின் முறையால் கன்டினியத்தின், அதாவது மெய்யெண்களின், அளவை மேலும் கீழும் மாற்றினாலும் பேராதி எண்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்று லெவியும் சாலவேயும் 1967-இலேயே காட்டியிருக்கிறார்கள். நிழல்களின் நீளத்தைச் சொன்ன அடிகோள்கள் இந்தக் கேள்வியில் மட்டும் வாய் திறப்பதில்லை. ஆகவே உங்கள் முதல் நூல் சொல்வது இசட்.எஃப்.சி.யைப் பற்றி, இரண்டாவது சொல்வது அதற்கு மேலே நடக்கும் தேடலைப் பற்றி. இரண்டும் சரிதான்.

தேடல் இன்று இரண்டு திசையில் இழுக்கிறது. மார்ட்டின் மேக்ஸிமம் என்ற அடிகோளை 1988-இல் ஃபோர்மன், மகிடோர், ஷெலா எழுதினார்கள். வேறோர் ஊற்றிலிருந்து வுடின் இன்னோர் அடிகோளை எழுதினார். இரண்டுமே நடுவில் சரியாக ஓர் அளவு உண்டு, மெய்யெண்கள் அலெஃப்-இரண்டு, அதாவது அலெஃப்-பூஜ்யத்துக்கு மேலே இரண்டாவது அளவு, என்கின்றன. முதலாவதைக் கொஞ்சம் வலுப்படுத்தினால் இரண்டாவது அதிலிருந்தே வந்துவிடும் என்று 2021-இல் அஸ்பெரோவும் ஷிண்ட்லரும் நிரூபித்தார்கள். எதிர்த்திசையில், கேடலின் குறுகிய உலகத்தைப் போல ஒழுங்கானதும் பேராதி எண்கள் எல்லாவற்றுக்கும் இடம் கொடுப்பதுமான ஓர் உலகத்தை அதே வுடின் இப்போது தேடுகிறார். அது கிடைத்தால் கான்டரின் யூகம் மெய்யாகும். என் மனம் அலெஃப்-இரண்டின் பக்கம். காரணம் கேட்டால், தனித்தனியே பிறந்த இரண்டு யோசனைகள் ஒரே எண்ணில் வந்து சேர்ந்ததுதான்.

இந்தத் துறையில் இப்போது புதிதாக என்ன நடக்கிறது?
— நூலகர், புதுச்சேரி

2024 நவம்பரில் வியன்னாவிலிருந்து அகிலெரா, பார்சிலோனாவிலிருந்து பகாரியா, ஹாம்பர்க்கிலிருந்து லூக்கே என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ‘எக்ஸாக்டிங்’ என்று பெயரிட்ட புதுப் பேராதி எண்கள் அதில் வருகின்றன. ஏணியில் இதுவரை ஓர் ஒழுங்கு இருந்தது: பெரிய படியோடு சின்னப் படியைச் சேர்த்தால் பெரிய படியின் வலிமைதான் மிஞ்சும். இந்தப் புது எண்களில் வலுவான வகை ஒன்றைத் தனியாக வைத்தால் அது நமக்குத் தெரிந்த உச்சிப் படிகளுக்கு அடங்குகிறது. அதற்கு மேலே ஓர் அளவிடத்தக்க எண்ணை வைத்தால், அதாவது ஏணியின் நடுப்பகுதியில் உள்ள சாதாரணப் படியை, வலிமை அந்த உச்சிப் படிகளையே தாண்டிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. எக்ஸாக்டிங் எண் இருந்தால், வரையறை சொல்லி அடையாளம் காட்ட முடியாத கணங்கள் கட்டாயம் இருக்கும். மேலே சொன்ன வுடினின் ஒழுங்கான உலகத்துக்கு இது நேர் எதிர்க் காற்று. இந்த எண்கள் மற்ற பெரிய எண்களோடு முரணில்லாமல் சேர்ந்து இருக்குமா என்பதில்தான் இப்போது கவனம். வருகிற வருடங்களில் ஏதாவது ஒரு பக்கம் பெரிதாகச் சரியும் என்று எனக்குத் தோன்றுகிறது, எந்தப் பக்கம் என்றாலும் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

டீச்சர், நீங்கள் கொடுத்த 4 அட்டவணையைப் பார்த்து 8 அட்டவணை போட்டேன். இரண்டாம் நிரையில் மட்டும் 3, 4, 8 என்று மூன்று எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மற்ற நிரைகளில் அப்படி இல்லை. சரியா? இதனால் என்ன பயன் என்று அப்பா கேட்கிறார்.
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், அறந்தாங்கி

தம்பி, நீ அனுப்பிய கட்டம் போட்ட தாளை மூன்று முறை பார்த்தேன். ஏழு நிரைகள் சரி. இரண்டாம் நிரையில்தான் ஒரு சின்னச் சறுக்கல், அதுவும் உனக்கே உறுத்தியிருக்கிறது.

சென்ற இதழைப் பார்க்காதவர்களுக்காக விதியை மறுபடி சொல்கிறேன். 4 அட்டவணையின் நிரைகள், மேலிருந்து கீழே: 2, 4, 2, 4. அடுத்தது 3, 4, 3, 4. அடுத்தது 4, 4, 4, 4. கடைசி 1, 2, 3, 4. ஒவ்வொரு நிரையின் முதல் பெட்டியிலும் நிரை எண்ணைவிட ஒன்று கூட எழுத வேண்டும். கடைசி நிரையில் மட்டும் சுற்றி வந்து 1. அப்புறம் ஒவ்வொரு பெட்டிக்கும் இடப்பக்கத்து எண்ணைப் பார். அது எந்த நிரையைச் சொல்கிறதோ அந்த நிரைக்குப் போ. அங்கே உன் நிரை எண்ணுக்கு அடுத்த எண்ணுள்ள நிரலில் இருப்பதை எடுத்து வந்து எழுது. கடைசி நிரையில் ஆரம்பித்து மேலே ஏறினால் வேண்டியது எப்போதும் தயாராக இருக்கும்.

இந்த அட்டவணைக்கு ரிச்சர்ட் லேவர் பெயர். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 2012-இல் காலமானார். எண்களோடு விளையாட அவர் இதைச் செய்யவில்லை. சேலத்து ஐயாவுக்கு எழுதிய பதிலில் கூனன் ஒரு படியை உடைத்தார் என்றேனே, அதற்கு விரற்கடை கீழே உள்ள ஒரு படியை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கே கண உலகத்தின் ஒரு பெரிய துண்டு தனக்குள் தன்னையே நகலெடுக்கிறது. அந்த நகலெடுப்பையே நகலெடுக்கலாம். வந்ததை மறுபடி நகலெடுக்கலாம். இவை ஒன்றோடொன்று சேரும் விதத்தில் ஒரு பங்கீட்டு விதி இருக்கிறது: முதலாவதை மற்ற இரண்டின் விடையோடு சேர்ப்பதும், இரண்டோடும் தனித்தனியே சேர்த்து அந்த விடைகளைச் சேர்ப்பதும் ஒன்று. அதை ஓர் எல்லையில் வெட்டிப் பார்த்தபோது அவருக்குக் கிடைத்தது நீ போட்ட அட்டவணை.

இப்போது முதல் நிரையை மட்டும் கவனி. 4 அட்டவணையில் 2, 4 என்று இரண்டு எண்களுக்கு ஒருமுறை திரும்புகிறது. உன் 8 அட்டவணையில் 2, 4, 6, 8 என்று நான்குக்கு ஒருமுறை. 16-லும் நான்குதான். 32-இல் எட்டு ஆகிறது. 64, 128, 256 வரை எட்டாகவே இருக்கிறது. 512-இல் பதினாறு ஆகிறது. அடுத்து முப்பத்திரண்டு எப்போது வரும்? யாரும் எழுதிப் பார்க்கக்கூடிய அட்டவணையில் வராது. டௌகர்ட்டி என்பவர் ஒரு கீழ் எல்லை கண்டுபிடித்தார். ஆக்கர்மன் சார்பு என்று பயங்கர வேகத்தில் வளரும் ஒன்று உண்டு. அதற்குள் அதையே போட்டு, மறுபடி அதற்குள் போட்டு எழுத வேண்டிய அளவு. பிரபஞ்சம் முழுவதையும் தாளாக்கினாலும் அந்த எண்ணின் இலக்கங்களை எழுத இடம் போதாது.

ஒருநாள் முப்பத்திரண்டு வந்தே தீருமா? அறுபத்து நான்கு? லேவர் நிரூபித்தார்: ஆம், எல்லை இல்லாமல் கூடிக்கொண்டே போகும். ஆனால் அவருடைய நிரூபணத்தில் அந்தப் பேராதி எண் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் நிரூபிக்க இன்றுவரை யாராலும் முடியவில்லை. நீ பென்சிலால் போடும் கூட்டல் மாதிரியான ஒரு கணக்கு, ஏணியின் உச்சிப் படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அப்பாவுக்கு ஒன்று சொல். இதே பங்கீட்டு விதியைப் பற்றி லேவர் அந்தப் பெரிய எண்ணை வைத்து இன்னொரு விடையும் கண்டார். பிரான்ஸில் கான் நகரத்தில் இருந்த பத்ரிக் தெஹோர்னுவா, எண்ணை எடுத்துவிட்டு அதே விடைக்கு 1990-களின் தொடக்கத்தில் வேறு நிரூபணம் கொடுத்தார். சாரம் கட்டிக் கோபுரத்தை எழுப்பிவிட்டு, பிறகு சாரத்தைப் பிரித்து எடுப்பதைப் பார்த்திருப்பாரே, அப்படி. பிரித்தபோது கையில் வந்தது பின்னல்களின் கணிதம். உன் வீட்டில் யாராவது சடை பின்னினால் பார்: இழைகள் மேலும் கீழும் மாறுகின்றன. அப்படிப்பட்ட இரண்டு பின்னல்களில் எது முந்தியது என்று வரிசைப்படுத்த ஒரு வழி உண்டு என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. முடிவிலியின் உச்சியைப் பற்றிய யோசனை சடைப் பின்னலில் வந்து இறங்கியது. முதல் நிரைக் கேள்விக்கோ சாரத்தைப் பிரிக்க இன்னும் ஆள் வரவில்லை.

சரி, உன் இரண்டாம் நிரை. முதல் பெட்டி 3. மூன்றாம் நிரையின் மூன்றாம் நிரலில் 4 இருக்கிறது, சரியாக எடுத்திருக்கிறாய். அடுத்து நான்காம் நிரைக்குப் போய் மூன்றாம் நிரலைப் பார்க்க வேண்டும். அங்கே இருப்பது 7. நீ பக்கத்து நிரலைப் பார்த்து 8 எடுத்துவிட்டாய், அதனால்தான் மூன்று எண்ணிலேயே சுற்றிவிட்டது. இந்த அட்டவணைகளில் சுற்று எப்போதும் 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாகவே வரும். மூன்று வந்தால் எங்கோ கண் தவறியிருக்கிறது என்று உடனே திரும்பிப் பார்க்கலாம். 7-க்கு அடுத்து ஏழாம் நிரையிலிருந்து 8 வரும். ஆக 3, 4, 7, 8, மறுபடி 3, 4, 7, 8.

திருத்திவிட்டு 16-க்குப் போ. பெரிய கட்டத் தாளாக எடுத்துக்கொள், கடைசி நிரையிலிருந்து மேலே வா. முதல் நிரை 2, 12, 14, 16 என்று சுற்றினால் சரியாகப் போட்டிருக்கிறாய்.